செல்லாக்காசும் கள்ளக்காசும்

ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேகம். ராமன், சீதை, பக்கத்தில் தம்பிகள், காலடியில் அனுமன். மறுபக்கம் ஆங்கிலத்தில் ‘ஈஸ்ட் இந்தியா கம்பெனி’, நடுவே ‘அரை அணா’, அடியில் 1818. பழசு போலத் தெரியவேண்டும் என்பதற்காக ஏற்றிய கறுப்பு. சிலவற்றில் ஆண்டு 1717, சிலவற்றில் 1616. இன்னும் சிலவற்றில் ‘யு.கே.எல். ஒன் அணா’ என்று இருக்கும். யு.கே.எல். என்றால் என்ன என்று விற்பவருக்கும் தெரியாது, வாங்குபவரும் கேட்பதில்லை.

மாமல்லபுரத்தில் சங்கும் பாசிமணியும் விற்கும் தட்டுகளில் இந்தக் காசைப் பார்க்கலாம். ஊரப்பாக்கத்தில் எங்கள் தெருவில் மட்டும் மூன்று வீட்டுப் பூஜையறைகளில் பார்த்திருக்கிறேன். யூடியூபில் ‘இந்தக் காசு உங்க வீட்ல இருக்கா? நீங்கதான் கோடீஸ்வரர்’ என்று ஒரு குரல் தினமும் யாரையாவது கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. பழங்காசு பற்றித் தமிழில் ஒருவர் முதன்முதலாகக் கேள்விப்படுவது பெரும்பாலும் அந்தக் குரலின் வழியாகத்தான். இந்தக் காசையும் அந்தக் குரலையும் ஒரு பிரதியைப் போல எடுத்துவைத்து விமர்சிக்க வேண்டும் என்று தோன்றியதற்கு அதுதான் காரணம்.

‘போலி’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். ஆனால் அந்த வார்த்தை இங்கே சரியாக உட்காரவில்லை. போலி என்றால் அதற்கு அசல் ஒன்று இருக்கணும். இந்தக் காசுக்கு அசலே கிடையாது. 1616இல் கம்பெனிக்கு இந்தியாவில் இருந்தவை சூரத் மாதிரி சில இடங்களில் பண்டகசாலைகள் மட்டும்தான். மெட்ராஸில் அது இடம் வாங்கியதே 1639இல். 1818இல் மெட்ராஸ் மாகாணம் வராகனைக் கைவிட்டு ரூபாய்க் கணக்குக்கு மாறியது. ‘அரை அணா’ என்று ஆங்கிலத்தில் பொறித்த செப்புக்காசை இந்தியா முழுமைக்குமான பொது நாணயமாகக் கம்பெனி கொண்டுவந்தது 1835க்குப் பிறகு. அதில் ராமரும் இல்லை, அனுமனும் இல்லை. கம்பெனியின் முத்திரைச் சின்னம்தான் இருந்தது. ஆக, இந்தச் சாமிக்காசு எதையும் நகலெடுக்கவில்லை. மூலமே இல்லாத மொழிபெயர்ப்பு இது.

ராமடங்கா என்று பக்தி வில்லைகள் உண்டு. வட இந்தியாவில் பலகாலமாக வழிபாட்டுக்கு அடித்தவை. அவை தம்மைப் பணம் என்று சொல்லிக்கொண்டதில்லை. அந்த வில்லையின் மேல் கம்பெனியின் பெயரையும் ஓர் ஆண்டையும் ஏற்றியதும்தான் வில்லங்கம் ஆரம்பிக்கிறது.

சாமி இருந்தால் போலியா?

இந்தக் காசை மறுக்க வருபவர்கள் வழக்கமாகச் சொல்லும் வாதம் ஒன்று உண்டு. ‘வெள்ளைக்காரன் எங்கேயாவது சாமி படம் போட்டுக் காசு அடிப்பானா?’ கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தப்பு. அடித்திருக்கிறான், அதுவும் நம் மெட்ராஸிலேயே.

கம்பெனி மெட்ராஸில் அடித்த தங்க வராகனில் திருமால் இருந்தார். நடுவில் பெருமாள், இருபுறமும் தேவியர் என்று அமைந்த ஒரு வகைக்கு ‘மூன்று சாமி வராகன்’ என்றே பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், 1808ஐ ஒட்டி, இயந்திரங்களோடு அமைந்த புதிய தங்கசாலையில் வெள்ளியில் அரை வராகனும் கால் வராகனும் அடித்தார்கள். அந்த அரை வராகன் எனக்குத் தெரிந்து இந்த மண்ணில் அடித்த காசுகளிலேயே பேச்சு அதிகம் உள்ள காசு. ஒரு பக்கம் கோயில் கோபுரம், சுற்றிலும் நட்சத்திரங்கள், விளிம்பில் ஆங்கிலத்திலும் பாரசீகத்திலும் மதிப்பு. மறுபக்கம் திருமால், சுற்றிலும் தமிழிலும் தெலுங்கிலும் அதே மதிப்பு. ஒரே காசில் நான்கு எழுத்து.

இப்போது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அசல் அரை வராகனில் சாமி இருக்கிறார், தமிழும் இருக்கிறது. சாமிக்காசில் சாமி இருக்கிறார், ஆனால் ஆங்கிலம் மட்டும்தான். இந்த வித்தியாசத்தில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது என்று நினைக்கிறேன். அரை வராகனை அடித்தவனுக்கு மயிலாப்பூர்க் காய்கறிக்காரியும் ஆற்காட்டு முன்ஷியும் தெலுங்குச் செட்டியும் அதை வாங்கவேண்டியிருந்தது. யாராவது ஒருவர் கைவிரித்தாலும் காசு ஓடாது. அதனால் எல்லோரிடமும் அவரவர் எழுத்தில் பேசியது. அதில் கம்பெனிக்கு அன்பு எதுவும் இல்லை, சுத்தமான வியாபாரக் கவலைதான். சாமிக்காசுக்கு அந்தக் கவலை இல்லை. அதை யாரும் செலவழிக்கப் போவதில்லை. படித்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்ற அவசியமும் இல்லை. பார்த்தவுடன் ஒரு பிரமிப்பு வந்தால் போதும். பிரமிப்புக்கு ஆங்கிலம், பக்திக்கு ராமர், பழமைக்கு ஓர் எண். மூன்றும் ஒரே வில்லையில்.

கள்ளக்காசைக் கண்டுபிடிக்க முதலில் கேட்கவேண்டிய கேள்வி ‘இது யாரிடம் பேசுகிறது?’ என்பதுதான். இலக்கிய விமர்சனத்தில் நாம் நல்ல பிரதிக்கும் போலிப் பிரதிக்கும் இடையே கேட்கிற அதே கேள்வி.

அசலின் பொய்கள்

ஆனால் அசல் என்றால் உண்மை என்று அவசரப்பட்டு நினைத்துவிடக்கூடாது. கம்பெனியின் அசல் காசுகளே நிறையப் பொய் சொல்லியிருக்கின்றன.

இரண்டாம் ஆலம்கீர் என்ற முகலாயப் பேரரசர் 1759இல் கொலை செய்யப்பட்டார். மெட்ராஸ் தங்கசாலை அதற்கு அரை நூற்றாண்டுக்குப் பிறகும் ஆற்காட்டு ரூபாயில் அவர் பெயரையே அடித்துக்கொண்டிருந்தது. ஹிஜ்ரி 1172, ஆட்சியாண்டு 6 என்ற அதே ஆண்டோடு. செத்துப்போன அரசன், நின்றுபோன காலண்டர், உண்மையில் ஆண்டுகொண்டிருந்தது லண்டனில் இருந்த ஒரு வணிகக் கூட்டம். 1840 என்று பொறித்த விக்டோரியா ரூபாயை 1862 வரை அடித்தார்கள். 1862 என்று பொறித்ததை 1874 வரை அடித்தார்கள். பம்பாயில் அடித்தவற்றில் ஆண்டுக்குக் கீழே சின்னச் சின்னப் புள்ளிகள் இருக்கும். காசு உண்மையில் எந்த வருடம் பிறந்தது என்பதை அந்தப் புள்ளிகளை எண்ணித்தான் ஆய்வாளர்கள் பிரித்தெடுக்கிறார்கள்.

அப்படியென்றால் 1818 என்று பொய் சொல்லும் சாமிக்காசுக்கும், 1862 என்று பொய் சொல்லும் விக்டோரியா ரூபாய்க்கும் என்ன வித்தியாசம்?

ஆண்டை ஏன் நிறுத்திவைத்தார்கள் என்பதில் பதில் இருக்கிறது. பழைய ரூபாய் என்றால் சராப்புகள் வட்டம் பிடிப்பார்கள். கையில் உள்ள காசு போன வருடத்தியது என்றால் கொஞ்சம் குறைத்துத்தான் எடுத்துக்கொள்வார்கள். வங்காளத்தில் கம்பெனி ஆட்சியாண்டை ஒரே எண்ணில் நிறுத்திவைத்தது இந்தத் தொல்லையை ஒழிக்கத்தான். ஆண்டு எல்லாவற்றிலும் ஒன்றே என்றால் எது பழசு, எது புதுசு என்று சண்டை வராது. ஆண்டு பொய்தான். ஆனால் எடை பொய் இல்லை. 1835 முதல் ரூபாய் என்றால் 180 கிரெய்ன், அதாவது 11.66 கிராம், அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. 1862இல் அடித்தாலும் 1873இல் அடித்தாலும் அதே 11.66. முகத்தில் சொன்ன பொய்யை வயிற்றில் இருந்த வெள்ளி ஈடுகட்டியது.

நம் மொழியில் ‘நாணயம்’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பது பற்றி எல்லோரும் சொல்லிச் சொல்லி அது தேய்ந்துவிட்டது. அதைவிட எனக்குப் பிடித்த சொல் வண்ணக்கன். காசை நோட்டம் பார்ப்பவன். சங்கப் புலவர்களில் வடவண்ணக்கன் தாமோதரனார், வடவண்ணக்கன் பேரிசாத்தனார் என்று பெயர்கள் உண்டு. பகலில் காசை உரசிப் பார்த்தவர்கள் இரவில் கவிதை எழுதினார்களோ என்று கற்பனை செய்ய ஆசையாக இருக்கிறது. காசில் உண்மை என்பது நம்பிக்கை சம்பந்தப்பட்டது இல்லை, சோதித்துப் பார்க்க முடிவது சம்பந்தப்பட்டது என்பதை அந்தத் தொழில் ஈராயிரம் வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

சோதனையும் பெரிய விஷயம் இல்லை. பிரிட்டிஷ் வெள்ளி ரூபாயை நகைத் தராசில் வைத்தால் புழக்கத் தேய்மானம் போக 11.66க்குப் பக்கத்தில் நிற்கணும். அடுத்து, தராசில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்து எடையைப் பூஜ்யம் ஆக்கிக்கொண்டு, காசை மெல்லிய நூலில் கட்டி அடி தொடாமல் முக்கிப் பிடித்தால், அசல் ரூபாய் ஏறத்தாழ 1.13 கிராம் காட்டும். அதே எடையில் ஜெர்மன் சில்வர் என்றால் 1.3ஐத் தாண்டும். காந்தத்தில் ஒட்டினால் சோதனை அங்கேயே முடிந்தது. வீட்டில் செய்யக்கூடிய இந்த மூன்றையும் செய்யாமல் ஒருவர் லட்சக்கணக்கில் ஏமாறுகிறார் என்றால் அவருக்கு அறிவு குறைவு என்று அர்த்தம் இல்லை. சோதித்துப் பார்க்க அவர் மனசு ஒப்பவில்லை.

பிழை என்பது என்ன?

காசு சேகரிப்பவர்களின் உலகத்தில் விசித்திரம் ஒன்று உண்டு. தப்பாக அடித்த காசுக்கு மரியாதை அதிகம். தப்பாகச் செய்த காசுக்கு மரியாதையே கிடையாது. இரண்டும் தப்புதானே?

டை எனப்படும் எஃகு அச்சு ஆயிரக்கணக்கான முறை வெற்றுவில்லையின் மேல் இறங்குகிறது. ஒருநாள் அதில் விரிசல் விழுகிறது. அடுத்த அடியில் வில்லையின் உலோகம் அந்த விரிசலுக்குள் புகுந்து ஏறுகிறது. அதனால் அச்சின் விரிசல் காசில் மேடான கோடாக வரும். பிற்பாடு யாரோ கீறியது என்றால் பள்ளமாக இருக்கும். இந்த ஒரு விதியை நினைவில் வைத்துக்கொண்டால் சந்தையில் ‘எரர் காயின்’ என்று விற்பவற்றில் பாதியை அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடலாம். அடித்த காசு ஒன்று வெளியே விழாமல் ஒட்டிக்கொண்டால், அடுத்த வில்லையில் அந்தக் காசின் முகமே கண்ணாடி பிம்பமாகப் பள்ளத்தில் பதியும். எழுத்தின் குழியில் பிசுக்கு அடைத்தால் அந்த எழுத்து மட்டும் மழுங்கும். ஒவ்வொரு பிழைக்கும் ஒரு காரணம் உண்டு. பின்னோக்கிப் போனால் ஓர் இயந்திரத்தையும் அதை இயக்கிய கையையும் போய்ச் சேரலாம்.

என் தொழிலில் இது பழகிய விஷயம். மென்பொருளில் பிழை வந்தால் அதன் தடத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் போவோம். எங்கோ ஒரு வரி, ஏதோ ஒரு இரவு, யாரோ ஒருவரின் தூக்கக் கலக்கம் என்று முடியும். வங்கிப் பெயரில் வரும் மோசடிப் பக்கத்தில் அப்படி எதுவும் தேடமுடியாது. எழுத்து, நிறம், சின்னம் எல்லாம் கச்சிதமாக இருக்கும். அங்கே கேட்கவேண்டியது இந்தப் பக்கம் என்னிடமிருந்து என்ன எதிர்பார்க்கிறது என்பதை. பிழை வேலையின் மிச்சம். மோசடி ஆசையின் அச்சு.

1911இல் இன்னொரு விதமான பிழை நடந்தது. ஐந்தாம் ஜார்ஜின் முதல் ரூபாய். அரசரின் மேலங்கியில் தொங்கும் விருதுச் சங்கிலியில் சின்னதாக ஒரு யானை. தும்பிக்கை குட்டையாக இருந்ததால் பார்த்தவர்களுக்கு அது பன்றி மாதிரித் தெரிந்தது. முஸ்லிம்களிடமிருந்து எதிர்ப்பு எழுந்தது. அரசு அந்த ரூபாயைத் திரும்பப் பெற்று, வெளிவராமல் இருந்ததை உருக்கியது. 1912இல் யானைக்குத் தும்பிக்கையை நீட்டி மறுபடி அடித்தது. இயந்திரத்தில் பிழை இல்லை, எடையில் பிழை இல்லை, வெள்ளியில் பிழை இல்லை. வாசிப்பில்தான் பிழை, அதுவும் வாசகர் சேர்ந்து கண்டுபிடித்தது. ஒரு பேரரசு தன் பிரதியை வாசகருக்காகத் திருத்தி மறுபதிப்புப் போட்டது. ‘பன்றி ரூபாய்’ என்று இன்று சேகரிப்பாளர்கள் அதைத் தேடுகிறார்கள். அதற்கு விலை கொடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அதற்குள் ஒரு கதை உண்மையிலேயே இருக்கிறது.

ஓர் இலக்கத்தின் விலை

ஆட்சேபம் வேறு இடத்தில். சேகரிப்பாளர்கள் ஆகிய நாங்கள் கள்ளக்காசைத் திட்டுகிறோம். ஆனால் கள்ளக்காசு செய்பவனுக்குப் பாடத்திட்டம் வகுத்துத் தருவதும் நாங்கள்தான்.

ஆறாம் ஜார்ஜின் 1939 ரூபாயை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய தரத்து வெள்ளியில் வந்த கடைசி ரூபாய் அது. 1940இலிருந்து போர்க்காலச் சிக்கனத்தில் வெள்ளி பாதியாகக் குறைந்தது. கள்ளக்காசுக்காரர்களைத் தடுக்க விளிம்பில் பாதுகாப்பு வேலைப்பாடும் வந்தது. 1938 ரூபாய் தாராளமாகக் கிடைக்கும். 1939 கிடைப்பது அரிது. இரண்டுக்கும் முகம் ஒன்று, எடை ஒன்று, உலோகம் ஒன்று. வித்தியாசம் கடைசி இலக்கம் மட்டும். நாங்கள் முழுக் காசையும் விட்டுவிட்டு அந்த ஓர் இலக்கத்துக்கு விலை வைத்தோம். கள்ளக்காசுக்காரன் எங்களைச் சரியாக வாசித்தான். அவன் முழுக் காசையும் செய்யவேண்டிய தேவை இல்லை. அசல் 1938ஐ எடுத்து 8இன் கீழ்வளையத்தைச் செதுக்கி 9 ஆக்கினால் போதும். எடையும் தண்ணீர்ச் சோதனையும் இங்கே தோற்றுவிடும், ஏனென்றால் வெள்ளி அசல். லென்ஸ் வைத்து அந்த இலக்கத்தைச் சுற்றியுள்ள தளத்தைப் பார்க்கணும். அச்சில் விழுந்த பரப்பு ஒரே சீராக ஓடும். செதுக்கிய இடத்தில் அந்த ஓட்டம் அறுந்திருக்கும்.

நல்ல வாசகன் ஒரு வரிக்காகப் புத்தகத்தை வாங்குவதில்லை. நாங்கள் காசு விஷயத்தில் அதைத்தான் செய்கிறோம். ‘ரேரா, ரேர் இல்லையா’ என்ற ஒற்றைக் கேள்வியோடு காசைத் திருப்பிப் பார்க்கிறோம். யூடியூப் குரலுக்கும் எங்களுக்கும் வித்தியாசம் அளவில்தான்.

இதே வியாதியின் இன்னொரு முகம் கதை. 1808 என்று பொறித்த கம்பெனியின் இருபது காசு, பத்து காசு செப்பு நாணயங்கள் இன்று புத்தம்புதிதுபோலக் கிடைக்கின்றன. ‘நம்ம முப்பாட்டன் கையில புழங்கின காசு’ என்று சொல்லி விற்பார்கள். காசு அசல். இங்கிலாந்தில் சோஹோ ஆலையில் அடித்து மெட்ராஸுக்கு அனுப்பியவை. ஆனால் அப்படி வந்த கப்பல்களில் ஒன்றான ‘அட்மிரல் கார்ட்னர்’ 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரை தாண்டுவதற்குள்ளேயே குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. 1980களில்தான் மூழ்காளிகள் அந்தக் காசுகளை வெளியே எடுத்தார்கள். இன்று பளபளப்பாகக் கிடைப்பவற்றில் கணிசமானவை அந்தக் கப்பலின் காசுகள். அவை எந்த முப்பாட்டன் மடியிலும் இருந்ததில்லை. அசல் காசு, போலிக் கதை. எனக்கு உண்மைக் கதைதான் இன்னும் பிடித்திருக்கிறது. நமக்கென்று அடித்து, நம்மிடம் வராமல், நூற்றெழுபது வருடம் வேறொரு கடலடியில் காத்திருந்த காசு என்பது சின்ன விஷயமா?

அரிசி இழுக்கும் காசு

சாமிக்காசு பூஜையறையில் இருக்கும்வரை அதில் கெடுதல் இல்லை. கும்பிடுகிறவருக்கு அது ராமர் படம்தான். கெடுதல் தரகர் வரும்போது ஆரம்பிக்கிறது. ‘இந்தக் காசு அரிசியை இழுக்கும், இரிடியம் கலந்தது, வெளிநாட்டு ஆராய்ச்சி நிலையம் கோடிகளில் வாங்கும்’ என்று தமிழ்நாட்டில் பலகாலமாக நடக்கும் மோசடி. ‘சதுரங்க வேட்டை’ படத்தில் இதைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம். இரும்புத்தூள் ஏற்றிய அரிசியும் ஒரு காந்தமும் போதும் இந்த வித்தைக்கு. பழைய காசுகளை வாங்குவதாகத் தன் பெயரைச் சொல்லிக் கட்டணம் கேட்பவர்களை நம்பவேண்டாம் என்று 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே எச்சரிக்க வேண்டிவந்தது.

எங்கள் தெருவில் ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவர் பூஜையறையில் 1818 உண்டு. ‘டெஸ்டிங் சார்ஜ்’ என்று இருபத்தைந்தாயிரம் கேட்டு யாரோ ஒருவர் ஒரு மாதமாக அவருக்குப் போன் செய்துகொண்டிருந்தார். பேத்தியின் காலேஜ் ஃபீஸ் கட்டவேண்டிய சமயம். ‘இது தேறுமா தம்பி?’ என்று என்னிடம் காசை நீட்டினார்.

நான் வரலாறு எதையும் சொல்லவில்லை. ஒரு தேய்ந்த விக்டோரியா ரூபாயையும் லென்ஸையும் அவர் காசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ‘நீங்களே பாருங்க சார்’ என்றேன். சாமிக்காசுகளில் அச்சில் அடித்தவையும் உண்டு. அவருடையது அப்படி இல்லை. அவர் லென்ஸைக்கூட முழுசாகப் பயன்படுத்தவில்லை. விளிம்பை நகத்தால் ஒருமுறை வருடினார். ‘தையல் தெரியுது பார். மேல பொரிப்பொரியா காத்துக்குமிழ் வேற. இது வார்ப்பு தம்பி, அடிச்சது இல்ல.’ முப்பது வருடம் இரும்போடு புழங்கிய கை. அச்சின் விரிசல் ஏன் மேடாக வரும் என்பதை அவர்தான் எனக்கு என்னைவிட நன்றாக விளக்கினார்.

அவருக்குத் தெரியாதது எதையும் நான் சொல்லிக்கொடுக்கவில்லை என்பதை நினைத்தால் இன்னமும் ஆச்சரியமாக இருக்கிறது. பன்னிரண்டு வருடமாக அந்தக் காசு அவர் வீட்டில் இருந்திருக்கிறது. சாமியாகப் பார்த்தார், பிறகு கோடியாகப் பார்த்தார். உலோகமாக ஒருநாளும் பார்க்கவில்லை. விமர்சனம் செய்யக்கூடியது இவ்வளவுதான் என்று தோன்றுகிறது. இல்லாத அறிவை அது ஊட்டுவதில்லை. ஒருவர் ஏற்கெனவே அறிந்ததைப் பயன்படுத்தவிடாமல் தடுக்கும் ஆசையைக் கொஞ்சம் நகர்த்தி வைக்கிறது.

பிரிட்டிஷ் காசுகள் எல்லாமே இன்று செல்லாக்காசுகள். ஒரு டீகூடக் குடிக்கமுடியாது. அதனால்தான் அவற்றை நிதானமாக வாசிக்க முடிகிறது. எந்த எடையில் வாக்குக் கொடுத்தார்கள், யார் யார் எழுத்தில் பேசினார்கள், எங்கே பொய் சொன்னார்கள், எங்கே இயந்திரம் தடுமாறியது என்று. கள்ளக்காசுக்கு இந்தச் சுதந்திரம் கிடையாது. அது இன்னமும் செல்லுபடியாகப் பார்க்கிறது, நம் பேராசையிடமோ நம் கஷ்டத்திடமோ.

பெரியவர் தரகரின் எண்ணை போனில் தடுத்துவிட்டார். காசை என்ன செய்யப்போகிறார் என்று கேட்டேன். ‘ராமர் அதுல இருக்காரே, எங்க போடுறது?’ என்று சொல்லி மறுபடி படத்துக்குக் கீழேயே வைத்தார். ஆண்டு இருக்கும் பக்கத்தை மட்டும் அடியில் திருப்பிவிட்டார்.